துணிக்கொடிக்குக் கீழே ஒரு வெந்நீர்க் குழாய்

கை சுட்டது. அப்படித்தான் இது ஆரம்பித்தது.

மழை விட்டு வானம் வெளுத்திருந்த ஒரு மத்தியானம். சாப்பிட்ட தட்டைக் கழுவப் பின்பக்கக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் விரலில் பட்டதும் ‘ஸ்ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டேன். தட்டு தொட்டியில் விழுந்து சத்தம் போட்டது.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கரி உடைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கொஞ்ச நேரம் ஓட விடு. சூட்டுத் தண்ணி போயி பச்சத் தண்ணி வரும்.”

ஓட விட்டேன். மத்தியான வேளையில் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் செய்வது இதுதான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. அதற்குள் நிற்கிற தண்ணீர் கொதிக்காத குறைதான். அதை முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் பாத்திரம் கழுவுவோம், கை கழுவுவோம். யாரும் இதைப் பற்றி யோசித்ததில்லை. நானும்தான்.

தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது அம்மா கையிலிருந்த கரித்துண்டைப் பார்த்தேன். அது எதற்கு? சாயங்காலம் அப்பாவுக்கு வெந்நீர் போட. இந்தப் பக்கம் நான் வெந்நீரைச் சாக்கடையில் ஊற்றுகிறேன். இரண்டு முழம் தள்ளி அம்மா வெந்நீருக்காகக் கரி உடைக்கிறாள்.

“அம்மா, நமக்கெல்லாம் பைத்தியமாம்மா?”

“எனக்கில்ல” என்றாள்.

எங்கள் வீட்டுச் சாயங்காலம்

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் பிரிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் நிலா. வெளியில், அடையாள அட்டையில், மா சாண்டா என்ற பர்மியப் பெயர். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். இஞ்சினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, யாங்கோனின் பபேடான் பகுதியில் இன்வெர்ட்டரும் சோலார் தகடும் விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். போன வாரம் எழுதிய மின்விசிறிக் கதையே அதற்குச் சாட்சி.

அப்பா போட்டாதாங் படகுத்துறையில், ஒரு கிடங்கில் சரக்கு மேற்பார்வை. பருப்பு மூட்டைகள் ஏறி இறங்கும் இடம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் புருவத்தில்கூடப் பருப்புத் தூசி இருக்கும். வியர்வையோடு சேர்ந்து அது உடம்பில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். பச்சைத் தண்ணீருக்கு அது போகாது. அதோடு அவருடைய இடுப்பு. இளவயதில் மூட்டை தூக்கிய இடுப்பு, வெந்நீர் விழாவிட்டால் ராத்திரி முழுக்கப் பேசும்.

சமையலைப் பற்றிக் கவலை இல்லை. மின்சாரம் முறை வைத்து வருகிறது. எந்த நேரத்துக்கு வந்தாலும் அந்த நேரத்தில் சோறும் குழம்பும் ஆகிவிடும். ஆனால் அப்பா வரும் வேளையில் மட்டும் மின்சாரம் இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே கரியடுப்பு. ஆகவே புகை.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி, அடுப்படிக்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் பின்பக்கச் சந்துக்குள்தான் திறக்கும். கரி நன்றாகப் பிடிக்கும்வரை புகை வெளியே போகாது, வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடும்.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. முன்பெல்லாம் மழையில் மட்டும் வரும். இப்போது சாயங்காலம் சாயங்காலம் வருகிறது. அடுப்பு பற்றவைத்துக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் யாரோ சீட்டியடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மழை முடியும் சமயத்தில் ஒருநாள் மூச்சு நின்று நின்று வந்து, டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். மருந்து தருகிறேன், ஆனால் கரிப்புகையை நிறுத்தாவிட்டால் மருந்துக்கு வேலை இல்லை. அடுத்த தடவை நடந்து வரமாட்டீர்கள், தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு வெந்நீர் போட்டாள்.

யாங்கோனில் குளிரா?

தமிழ்நாட்டில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா வீடியோவில் இதைக் கேட்டுச் சிரித்தாள். “உங்க ஊர்லயும் எங்க ஊரு மாதிரி வெயில்தானே? வெந்நி எதுக்குடி?”

மார்கழி, தை மாதங்களில் வந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நாள்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் இந்த ஊரே கம்பளிக் குல்லா போட்டுக்கொள்ளும். தெருவில் மோஹிங்கா நூடுல்ஸ் விற்கிற அக்கா இரண்டு சட்டை போட்டுக்கொண்டு மீன்குழம்பைக் கிண்டுவார். குளிப்பதற்கென்று சிமெண்டுத் தொட்டியில் பிடித்துவைக்கிற தண்ணீர், காலையில் தொட்டால் கிள்ளும். லுங்கியைக் கட்டிக்கொண்டு முதல் சொம்பை ஊற்றுவதற்குள் சாமி பெயர் எல்லாம் வாயில் வந்துவிடும்.

“சோலார் கடையிலதான வேல பாக்குற. ஒரு ஹீட்டர மாட்ட வேண்டியதுதான” என்றாள் அக்கா.

இதைத்தான் கடைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். விளக்குக்கு, விசிறிக்கு, போன் சார்ஜுக்குப் பேட்டரி போதும். தண்ணீரைச் சூடாக்கச் சொன்னால் பேட்டரி அழுதுவிடும். வெயிலை மின்சாரமாக மாற்றி, மின்சாரத்தைப் பேட்டரியில் அடைத்து, அதை மறுபடி சூடாக மாற்றி... இத்தனை சுற்று எதற்கு? வெயில் ஏற்கெனவே சூடுதானே! என் கையைச் சுட்டது அதுதானே!

கறுப்புக் குழாய்

கடைக் கிடங்கில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கறுப்புக் குழாய் ஒரு சுருள் கிடந்தது. கட்டைவிரல் உள்ளே போகிற கனம். யாரோ வாங்குவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனதாம். முதலாளி பாயிடம் கேட்டேன்.

“வீட்டுல வயல் வாங்கிட்டியாம்மா?”

“வெந்நீர் போடுறதுக்கு பாய்.”

என்னை ஒருமுறை பார்த்தார். குழாயை ஒருமுறை பார்த்தார். “எடுத்துட்டுப் போ. அது போனா எடமாச்சும் மிஞ்சும்.”

கணக்கு எளிது. சுருளுக்குள் ஒரு வாளிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். மொட்டை மாடித் தொட்டியில் ஒரு முனை. எங்கள் ஐந்தாம் மாடிக் குளியலறையில் மறுமுனை. நடுவில் சுருள் வெயிலில் கிடக்க வேண்டியது. கீழே திறந்தால் தொட்டித் தண்ணீர் தள்ள, சூட்டுத் தண்ணீர் இறங்கும். விளாவினால் அப்பாவுக்குத் தாராளமாக இரண்டு வாளி. மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

ஒரு விடுமுறைக் காலையில் மேலே ஏறினேன். சாயங்காலம்வரை வெயில் விழும் இடம் எது என்று முந்தின நாளே பார்த்துவைத்திருந்தேன். மேற்கு மூலை. ஆற்றுப் பக்கம் திறந்தது. அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைக் கயிறு என்றுதான் பார்த்தேன். அதில் என்ன தொங்கும் என்று பார்க்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

அன்று சாயங்காலம் அப்பா குளியலறைக்குள் போனார். ஏதோ ஒரு பழைய பாட்டு வெளியே வந்தது. வெளியே வந்தவரின் முகம் பளிச்சென்று இருந்தது.

“ஏ புள்ள! சுடுது! நெசமாவே சுடுது!”

அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பு ஆறிக்கிடந்தது. அந்த வாரம் முழுக்க அது ஆறியே கிடந்தது. சாயங்காலத்தில் சீட்டிச் சத்தம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

அப்பா மேலே வந்தார்

அப்பாவும் சொல்லியிருக்கிறார். அதுதான் வினையாயிற்று.

சரக்கு வராத ஒரு நாள், மத்தியானமே வீடு திரும்பியவர், மகளின் கண்டுபிடிப்பைக் காட்ட தன் கிடங்கிலேயே வேலை பார்க்கும் நாலாம் மாடிக் கோ துன்னையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறினார். வழிகாட்டியாக நான் முன்னால்.

மேற்கு மூலையில் கயிறு நிறையத் துணி. சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கட்டம் போட்டது. காற்றில் மெல்ல ஆடுகின்றன. அத்தனையும் தமேன். பெண்கள் இடுப்பில் கட்டுகிற லுங்கி. அவற்றுக்கு நேர் கீழே, கறுப்புப் பாம்பு படுத்திருப்பதுபோல என் குழாய். ஒரு பச்சைத் தமேனிலிருந்து சொட்டுச் சொட்டாக அதன்மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

கோ துன் அவர் தோளைத் தொட்டு, பர்மியத்தில், மெதுவாக, துக்க வீட்டில் பேசுகிற குரலில், “வாங்க ஊலே, கீழ போகலாம்” என்றார். ஊலே என்றால் மாமா. அப்பா அவர் பின்னால் இறங்கினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். இங்கே ஆணுக்கு ‘பொவுன்’ என்று ஒன்று உண்டு. தேஜஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் கீழாடை ஆணின் தலைக்கு மேலே தொங்கினால், அதன் அடியில் அவன் போனால், அது குறைந்துவிடும். துணிக்கொடி குறுக்கே வந்தால் பெரிய மனிதர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டிலும் அம்மாவின் துணியும் என் துணியும் பால்கனியில் முட்டி உயரத்தில்தான் காயும். இது தெரியாமல் வளர்ந்தவள் அல்ல நான். ஆனால் சட்டம் தலைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். குழாய்க்கு ஏது தலை?

கப்பலும் கான்கிரீட்டும்

கீழே வந்ததும் அப்பா கேட்டது தயோ-கின்புன். மரப்பட்டையும் சீயக்காயும் ஊறவைத்த தண்ணீர். புதுவருடத்தில் பழைய பீடை போக இங்கே எல்லோரும் அதில் தலை முழுகுவார்கள். அப்பா புதுவருடத்துக்குக் காத்திருக்கவில்லை. பச்சைத் தண்ணீரில், பல் கிட்டிக்க, தலை முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அப்பா, குழாய்க்குள்ள தண்ணி. துணி வெளிய. ரெண்டும் தொடவே இல்ல.”

“அந்தத் தண்ணி என் தலையிலதான விழுது.”

“நாம கோயிலுக்குப் போற ஆளுங்கப்பா. நம்ம சாமி இதெல்லாம் கேட்டுச்சா?”

“சாமி கேக்கல. நான் இந்த ஊர்ல பொறந்த ஆம்பள. கோ துன் பாத்துட்டான். நாளைக்குக் கிட்டங்கியில சொல்லுவான். ஊ ராஜு ஒரு வாரமா தமேன் தண்ணியில குளிச்சாராம்னு மூட்டை தூக்குறவன்லாம் சிரிப்பான். அப்புறம் எவன் என் பேச்சக் கேப்பான்?”

ஊ ராஜு அப்பாதான்; இங்கே மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன்னால் ‘ஊ’, பெண் பெயருக்கு முன்னால் ‘டோ’ போடுவார்கள். நான் விடவில்லை. அப்பா இளவயதில் ஆற்றுக் கப்பலில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே வருகிற சூட்டுத் தண்ணீரை வாளியில் பிடித்து, கப்பலின் அடித்தட்டில் எல்லோரும் குளிப்பார்களாம். அந்தச் சுகம் எந்த ஓட்டலிலும் கிடையாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

“கப்பல்ல குளிச்சீங்களே, மேல் தட்டுல யாரு உக்காந்திருந்தா? பொம்பளைங்க இல்லையா?”

துண்டை உதறித் தோளில் போட்டார். “அது வேற.”

“எப்படி வேற?”

“அது கவர்மெண்டு கப்பல்.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“சரி, ஆறாவது மாடியில டோ மியா நம்ம தலைக்கு மேலதான் நடக்குறாங்க, தூங்குறாங்க. அது மட்டும்?”

“நடுவுல கான்கிரீட்டு இருக்குல்ல!”

“குழாய்க்கு மேல நான் ஒரு ஓடு வச்சிடுறேன். கான்கிரீட்டு ஓடு.”

“வேலயப் பாரு புள்ள.”

அத்தோடு பேச்சு முடிந்தது. அம்மாவும் நானும் மட்டும் அந்த வாரம் ராணிகள் மாதிரி வெந்நீரில் குளித்தோம். நமக்குத்தான் குறைவதற்கு ஒன்றும் இல்லையே.

டோ மியாவின் கயிறு

எளிய வழி கயிற்றை மாற்றுவது. ஆறாம் மாடிக்கு ஏறினேன்.

டோ மியா தனி ஆள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருக்கும் விடுதிகளிலிருந்து துணி வாங்கித் துவைத்து, காயவைத்து, தேய்த்துக் கொடுக்கிறார். மேற்கு மூலை வெயில்தான் அவருடைய பட்டறை. பர்மியத்தில் அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். அவர் பேசின சூடு மட்டும் இதில் வராது.

“ஆன்ட்டி, கயித்த அந்தப் பக்கம் மாத்திக்க முடியுமா?”

“மயபூ.” முடியாது. யோசிக்கக்கூட இல்லை. “அந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல நிழல். பக்கத்துக் கட்டடம் மறைக்குது. ஈரத்துணிய நான் மடியில வச்சுக் காய வைக்கவா?”

“கொஞ்சம் கீழயாவது...”

“கீழ கட்டினா தரையில பொரளும். சாண்டா, உங்கப்பாவோட பொவுனுக்காக நான் கயித்த மாத்தினா, என் சோத்துக்கு யாரு கயிறு கட்டுவா? அவருக்கு அவ்வளவு பொவுன் இருந்தா அத வச்சே தண்ணிய சூடாக்கிக்கச் சொல்லு.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கயிறு அங்கேயேதான் இருந்தது. நியாயமும் அவர் பக்கம்தான். அவருக்கும் வெயில் வேண்டும், எனக்கும் வெயில் வேண்டும், வெயில் இருப்பதோ ஒரே மூலையில்.

அடுப்பு வெளியே போனது

அம்மா ஒன்றுதான் சொன்னாள். “நான் இனிமே பத்த வைக்க மாட்டேன். டாக்டரு சொன்னதுக்காக இல்ல. ஒரு வாரம் நல்லா மூச்சு விட்டுப் பாத்துட்டேன்.”

அப்பா தினமும் கிடங்கிலிருந்து வந்து நேரே குளியலறைக்குப் போனார். பச்சைத் தண்ணீரில் குளித்தார். பாட்டு இல்லை, சொம்பு தொட்டியில் இடிக்கிற சத்தமும் ‘ஹா, ஹா’ என்கிற மூச்சும்தான் கேட்கும். சில நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். அரிப்பில் முதுகெல்லாம் சொறிந்த கோடுகள்.

ஒரு சாயங்காலம் அவரே அடுப்படிக்குள் போனார். கரியை அடுக்கினார். பிளாஸ்டிக் தட்டால் விசிறினார். பழக்கமில்லாத கை. ஈரக்கரி வேறு. கொஞ்ச நேரத்தில் வீடு மங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, காற்றை இழுக்கிறாள். சீட்டிச் சத்தம்கூட வரவில்லை. அதுதான் பயம். மருந்துக் குழலைத் தேடி எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன். ஒருமுறை, இன்னொருமுறை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அப்பா அடுப்படி வாசலில் தட்டோடு நின்றார். கண்ணில் நீர், புகையாலா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தட்டைக் கீழே போட்டார். லுங்கித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, எரிகிற அடுப்பை அப்படியே தூக்கினார். பிடித்த இடுப்போடு, வளைந்தபடியே, வாசல் தாண்டி மாடிப்படித் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தம் நாலாம் மாடிவரை கேட்டிருக்கும்.

திரும்பி வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் மூச்சு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. முதலில் அந்தச் சீட்டிச் சத்தம் வந்தது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

“நிலா” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். “அந்தக் குழாய மேல வை. கொடிக்கு மேல. அடியில இல்லாம, மேல இருந்தாப் போதும். நான் குளிக்கிறேன்.”

“கோ துன் சிரிச்சாருன்னா?”

“மேல இருந்தா எதுக்குச் சிரிக்கிறான்? சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்.”

கொடிக்கு மேல்

சொல்வது சுலபம். தண்ணீர் மேலேயிருந்து கீழேதான் வரும். டோ மியாவின் கொடி தலைக்கு மேல் உயரம். தொட்டியின் மேடையோ என் இடுப்பு உயரம். கொடிக்கு மேலே சுருளை வைத்தால் தொட்டித் தண்ணீர் அங்கே ஏறாது. இறக்கி வைத்தால் அப்பா ஏற்கமாட்டார். பாடப் புத்தகத்தில் இப்படியொரு கணக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஒரு நாள் முழுக்க மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி வந்தேன். கொடியைவிட உயர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். மாடிப்படி வந்து முடிகிற அறையின் தகரக் கூரை. ஏணி வைத்து ஏறித் தொட்டேன். கை பொசுங்கியது. சந்தோஷமாக இருந்தது.

தொட்டி ஏற்றாவிட்டால் போகிறது, மோட்டார் ஏற்றட்டும். மின்சாரம் வந்ததும் தெருவே “மீ லாபீ!” என்று கத்தும், வந்துவிட்டதாம். உடனே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடும். அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, தகரக் கூரையில் விரித்த சுருளுக்கு விட்டேன். ஒரு தடவை நிரப்பி அடைத்துவிட வேண்டும். வெயில் தன் வேலையைச் செய்யும். சாயங்காலம் திறந்தால் தானாக இறங்கும்.

அப்பா மேலே வந்து பார்வையிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொடியையும் கூரையையும் மாறி மாறி அளந்தார்.

“கீழ எறங்குற குழாய் கொடிக்கு அடியில போகுதா?”

“இல்லப்பா. கிழக்குச் சுவரோட போகுது.”

“காத்தடிச்சா துணி அங்க பறக்குமா?”

துணிக்குக் கவ்வி மாட்டிக்கொண்டிருந்த டோ மியா அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஊ ராஜு! வேணும்னா நீங்களே கூரையில போயி உக்காந்துக்கங்க. எல்லாத்துக்கும் மேல இருக்கலாம்!”

அப்பா காது கேட்காதவர் மாதிரி இறங்கிவிட்டார்.

ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது. டோ மியா சொன்ன அதே நிழல். மத்தியானத்துக்கு மேல் பக்கத்துக் கட்டடம் கூரையை மறைத்துவிடுகிறது. உச்சிவேளையில் கையைச் சுடும் தண்ணீர், அப்பா வருவதற்குள் இளஞ்சூட்டுக்கு இறங்கிவிடுகிறது. முதல் நாள் குளித்துவிட்டு வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, “பரவாயில்ல” என்றார். அந்தப் ‘பரவாயில்ல’யில் இடுப்பு வலி கேட்டது. மறுநாளிலிருந்து அம்மா, மின்சாரம் இருக்கும்போது கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றிவைத்த டீக்கான வெந்நீரை அவர் வாளியில் கலந்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெறும் டீ ஊற்ற அந்தப் பிளாஸ்கில் தண்ணீர் இல்லை என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் குளியலறையிலிருந்து அரைப் பாட்டு வெளியே வந்தது.

உமி

இப்போதைய நிலவரம் இதுதான். வெயில் நாட்களில் கரி இல்லை. அம்மாவுக்குச் சாயங்கால இழுப்பு இல்லை. மேகம் போட்டால் அப்பாவுக்குப் பச்சைத் தண்ணீர். மழைக்காலம் வந்தால் மாதக்கணக்கில் மேகம்தான். அப்போது என் கறுப்புச் சுருள் வெறும் குழாய்.

யோசித்துப் பார்த்தால் சூடு உண்டாக்குவது எங்கள் பிரச்சினையே இல்லை. வெயிலில் மத்தியானமே சூடு கிடைக்கிறது. மழையிலும் ஏதோ ஒரு நேரம் மின்சாரம் வருகிறது, ஹீட்டர் கம்பியைப் போட்டால் ஒரு வாளி சூடாகிவிடும். அந்தச் சூட்டைச் சாயங்காலம்வரை பிடித்துவைக்கத்தான் தெரியவில்லை. பிளாஸ்க் செய்கிற வேலையை ஒரு டிரம் செய்ய வேண்டும்.

சின்ன டிரம்மைப் பெரிய டிரம்முக்குள் வைத்து, இடையில் ஒரு சாண் அளவுக்கு உமியை அடைத்தால்? உமி காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்று சூட்டை விடாது. எங்கள் கடை லாரிக்காரர் நகரத்துக்கு வெளியே மாவ்பிப் பக்கம் போய்வருகிறவர். அங்கே அரிசி ஆலைகளுக்குப் பின்னால் உமி மலையாகக் கிடக்கிறதாம், அள்ளிக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லையாம்.

நான் இதைச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “டிரம்ம எங்க வைப்ப?” குளியலறை மூலையில் என்றேன். மேலே பார்த்தார். கான்கிரீட்டு இருந்தது. தலையாட்டினார்.

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது, அடுப்படி மூலையில் கரிச்சாக்கு இருந்த இடம் காலியாக இருந்தது. தரையில் கறுப்பு வட்டம் மட்டும்.

“மோஹிங்காக்காரிக்குக் குடுத்துட்டேன்” என்றாள் அம்மா. “அடுப்பையும்தான்.”

“அம்மா! டிரம்ம இன்னும் செய்யவே இல்ல. சோதிச்சுப் பாத்துட்டுக் குடுத்திருக்கலாம்ல?”

“வீட்டுல கரி கெடந்தா, உன் டிரம்மு ஆறிப்போற அன்னைக்கு நான்தான் பத்த வைப்பேன். அவரு இடுப்பப் புடிச்சுக்கிட்டு வர்றதப் பாத்துட்டு என்னால சும்மா உக்கார முடியாது. எனக்கு என்னையத் தெரியும்.”

அப்பா எழுந்து அந்தக் கறுப்பு வட்டத்தைக் காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “ஞாயித்துக்கெழம நானும் வரேன்” என்றார். “சாக்குத் தூக்க ஆளு வேணும்ல.”

“இடுப்போடயா?”

“உமிதான? பருப்பா என்ன?”

ஞாயிற்றுக்கிழமை மாவ்பிக்குப் போகிறோம். உமியை வெயிலில் காயப்போட்டு, டிரம்மில் இறுக அடைத்து, மத்தியானம் வெந்நீர் நிரப்பி மூடப்போகிறேன். சாயங்காலம் அப்பா வந்து மூடியைத் திறக்கும்போது ஆவி வர வேண்டும். சோதனை அவ்வளவுதான். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால். வீட்டில் கரி இல்லை.